பெரியம்மா உட்கார்ந்த மேசை

என் மகளுக்கு ஐந்து வயது நெருங்கும்வரை காது குத்தவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் நுழைந்தால் போதும், யாராவது ஓர் ஆன்டி முதலில் அவளுடைய வெறுங்காதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

"பையனா?"

"இல்ல ஆன்டி, பொண்ணு."

அடுத்து அவர் என் மகளின் கண்ணையும் என் நிறத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். "மிக்ஸா?"

"ஆமா ஆன்டி. அப்பா சீனர்."

"அதான் பார்த்தேன். மிக்ஸ் பிள்ளைங்க அழகுலா!"

நான் நன்றி சொல்வேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் நன்றி சொன்னது சரிதானா என்று யோசிக்கத் தொடங்குவேன். அழகு என்றது பிள்ளையையா, கலவையையா? கலவையை என்றால் நான் மட்டும் எப்படி நன்றி சொல்லலாம், கணவரையும் கூப்பிட்டிருக்க வேண்டாமா? கலக்காத பிள்ளைகளை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரி காதில் அது விழுந்திருக்குமா? நான் மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு மருந்துச் சீட்டை மூன்று முறை படித்துவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கணவர் "தேநீர் வேண்டுமா?" என்று கேட்டால்கூட அவர் ஏன் கேட்கிறார் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை யோசிக்காமல் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அது என் கல்யாண விருந்தன்று. மகளின் காது இத்தனை வருடம் வெறுமையாக இருந்ததற்கு அந்த வார்த்தைதான் காரணம்.

எங்கள் வழக்கப்படி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அண்ணன் என்று சொல்லிக்கொள்ள இருப்பவர் பெரியம்மாவின் ஒரே மகன், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவருக்கு என் மகள்மேல் உயிர். ஆனால் அவருடைய அம்மா, அதாவது என் பெரியம்மா, என்னோடு பேசி ஆறு வருடம் ஆகிவிட்டது.

"அம்மா 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் தங்கச்சி," என்பார் அண்ணன். "அப்புறம் நான் நாள் பூரா மடி காட்டுறேன். அவங்க சொல்லாம உக்காந்தேன்னு வையி, எனக்குச் சோறு கிடையாது. நாப்பது வயசுல நான் எங்க போய்ச் சமைக்கக் கத்துக்கறது?"

"நகைக்கடையில் மெஷின் வைத்துக் குத்திவிடலாமே, இரண்டு நிமிடம்தான்," என்றார் என் கணவர். அது காது குத்துவதைப் பற்றிய விஷயமே இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பெரியம்மா மனம் இறங்காமல் என் மகளின் காதில் தோடு ஏறினால், அதற்குப் பிறகு அவர் இறங்கி வருவதற்கு வழியே இருக்காது. என் அம்மா இறந்த பிறகு எனக்கென்று இருப்பவர் அவர் ஒருவர்தான்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தது சீனக் குடும்பத்தில். பந்திங் போகும் சாலையோரம் கீரைத் தோட்டம் போட்டிருந்த குடும்பம். இந்தப் பெண் குழந்தை வீட்டில் வளர்ந்தால் தகப்பனுக்கு ஆகாது, வேற்று இனத்தாரிடம் கொடுத்துவிட்டால் தோஷம் பின்னாலேயே போகாது என்று அவர்களுடைய சோதிடர் சொல்லியிருக்கிறார். கெட்ட நேரத்துக்குத் தமிழ் தெரியாது என்பது அவர் கணக்காக இருந்திருக்க வேண்டும். கேரித் தீவுத் தோட்டத்தில் ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லாமல் இருந்த என் தாத்தா பாட்டியிடம் நாற்பது நாள் குழந்தையாக வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் இப்படி நிறைய நடந்திருக்கிறது. கிள்ளான் பக்கம் பழைய குடும்பங்களில் விசாரித்தால் வீட்டுக்கு வீடு ஒரு கதை கிடைக்கும். தாத்தா சொந்தப் பிள்ளையாகவே பதிந்துவிட்டார். ஆறு வருடம் கழித்து என் அம்மா பிறந்தார்.

பெரியம்மாவுக்குச் சீனத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. நெற்றியில் ஐந்து காசு அளவுக்குப் பொட்டு வைப்பார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் முட்டை என்ற பேச்சை எடுத்தாலே பாவம். தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தால், சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் அலகு குத்தியவரைக்கூட விட்டுவிட்டு இவர் பின்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அரசாங்க கவுண்டர்களில் உட்கார்ந்திருப்பவர்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடியும் அட்டையைப் பார்ப்பார்கள். பெரியம்மா அலுத்துக்கொண்டு மலாயில் சொல்வார்: "கார்டுல எல்லாம் சரியாதான் இருக்கு. மூஞ்சியைத்தான் தப்பா அடிச்சுட்டாங்க."

நான் ஒரு சீனரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது, எங்கள் சொந்தத்தில் ஆடிப்போனவர் அவர் மட்டும்தான்.

"சீனனையா?"

"ரொம்ப நல்லவரு பெரியம்மா."

"நல்லவனாத்தான் இருப்பான், யாரு இல்லன்னா? ஆனா சீனன்."

"அதனால என்ன?"

"அவங்க வேற, நாம வேறடி. அவங்க பழக்கவழக்கமே வேற. பாத்ரூமுக்குப் போட்ட சிலிப்பரோட சாமி கும்பிடுவாங்க."

"பெரியம்மா, நீங்க..."

"நான்? எனக்கு என்ன?"

சிறிய கண்களை இன்னும் சிறியதாக்கிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன்.

கணவரை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது நிலைமை இன்னும் கெட்டது. எத்தனையோ சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஆனாலும் வாசலில் அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பழக்கதோஷத்தில் அவர்கள் வீட்டுச் சீனமான ஹொக்கியன் வந்துவிட்டது. பெரியம்மா அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்றான்?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு."

"அதைத் தமிழ்ல கேக்கச் சொல்லு. தமிழச்சியைத்தானே கட்டப் போறான்?"

ஒரு மாதம் பயிற்சி எடுத்து அடுத்த தடவை போனபோது, "பெரியம்மா, சாப்டாச்சா?" என்று கேட்டார். பெரியம்மா கரைந்துவிட்டார். அவருக்கு மட்டும் இரண்டு தோசை அதிகம் வைத்தார். "கண்ணுதான் அப்படி இருக்கு, மத்தபடி நம்ம பையன் மாதிரிதான்," என்று அண்ணனிடம் சொன்னாராம். அண்ணனுக்கும் அதே கண்தான்.

மாமியார் வீட்டிலும் ஆரம்பத்தில் அழுகைதான். அவர்கள் வீட்டில் எங்களைக் குறிப்பிட ஒரு சொல் இருந்தது. எங்கள் வீட்டில் அவர்களைக் குறிப்பிட இரண்டு இருந்தன. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் அந்தச் சொற்கள் நின்றுபோயின. அல்லது நான் இல்லாதபோது மட்டும் வெளியே வந்தன. இதையும் நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

காலையில் கிள்ளானில் கோயில் கல்யாணம். அம்மாவின் இடத்தில் நின்று எல்லாவற்றையும் செய்தவர் பெரியம்மா. மாலையில் ஒரு சீன உணவகத்தில் விருந்து. பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசைகள். இடப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார், வலப் பக்கம் பெண் வீட்டார். இது இனத்துக்காகச் செய்த ஏற்பாடு இல்லை, சாப்பாட்டுக்காக என்று அப்போது எல்லோரிடமும் விளக்கினேன். இடப் பக்கம் பன்றி வரும். வலப் பக்கம் வராது.

வாசலில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பொறுப்பை என் கல்லூரித் தோழியிடம் கொடுத்தேன். அவள் மலாய்க்காரி. இரண்டு பக்கமும் சேராத ஆளாக இருந்தால் ஒருவர் மனமும் கோணாது என்பது என் எண்ணம். விருந்து தொடங்கும் நேரத்தில் அவள் மணமகள் அறைக்கு வந்து, "யார் எந்தப் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். என் தலையில் முப்பது ஊசிகள் ஏறிக்கொண்டிருந்தன. வலியில் சொன்னேன்:

"மூஞ்சியப் பாத்தாலே தெரியும்லா!"

உடையைப் பார்த்தாவது அவள் சுதாரித்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு மாப்பிள்ளையின் அத்தைகள் ஏழு பேரும், மருமகளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று சொல்லிவைத்துக்கொண்டு புடவையில் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களோ பதிலுக்குச் சீன உடையில் வந்திருந்தார்கள். காலம் எவ்வளவு மாறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. ஆகவே அந்த மண்டபத்தில் ஓர் ஆளை அடையாளம் காட்ட மீதி இருந்தது முகம் மட்டும்தான்.

பெரியம்மா வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டுத் தாமதமாக வந்தார். அண்ணன் வேனை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். பட்டுப் புடவையும் மல்லிகையுமாகத் தனியே வந்த பெரியம்மாவைப் பார்த்ததும் என் தோழி எழுந்து, மரியாதையாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், இடப் பக்கம் நான்காவது மேசையில், ஏழு அத்தைகளுக்கு நடுவே எட்டாவதாக உட்கார வைத்தாள்.

நான் மேடையில் இருந்து பார்த்தேன். இதை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. பார்த்தேன், ஆனால் இறங்கிப் போகவில்லை. அவராகவே விரும்பி உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது ஆள் அனுப்பி எழுப்பினால் மாப்பிள்ளை வீட்டார் வருத்தப்படுவார்களோ? எழுப்பாவிட்டால் பெரியம்மா வருத்தப்படுவாரோ? சூப் முடியட்டும், மீன் முடியட்டும், எல்லோரும் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கி 'யாம் செங்' என்று கத்தி முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். கத்தி முடித்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு பெரியம்மா என்னை ஒதுக்கவில்லை. அப்படி ஒதுக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருவார், போவார், பண்டம் கொடுத்தனுப்புவார். என்னோடு மட்டும் பேச மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வார், காலண்டரிடம் சொல்வார். தீபாவளிக்குப் போனால், "முறுக்கு மேசைமேல இருக்கு, வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்," என்று மின்விசிறியைப் பார்த்துச் சொல்வார். மகள் பிறந்தபோது மருத்துவமனைக்கு வந்து, தொட்டிலுக்குள் குனிந்து, "பச்சத் தண்ணியில கை வைக்கக் கூடாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு," என்றார். இரண்டு நாள் குழந்தை அதை என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் நான் கை வைக்கவில்லை.

ஐந்தாவது பிறந்தநாளுக்கு முன்பே காது குத்திவிட வேண்டும் என்று இந்த வருடம் முடிவு செய்தேன். அதற்கு நேரில் போய்த் தட்டு வைத்து மாமனை அழைக்க வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பூ எல்லாம் வைத்த தட்டும் மகளுமாகக் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று விதமாக எழுதிக் கைபேசியில் வைத்திருந்தேன். முதலாவதில் நான் அதிகம் அழுதேன். இரண்டாவதில் என் தோழிமேல் கொஞ்சம் பழி விழுந்தது. மூன்றாவது ஒரு மேலாளருக்கு எழுதிய விடுப்புக் கடிதம் போல் இருந்தது. ஷா ஆலம் தாண்டியதும் மூன்றையும் கலந்து நான்காவதாக ஒன்றை எழுதினேன்.

பெரியம்மா கதவைத் திறந்து, "வாடி தங்கம்," என்று மகளை அழைத்தார். தட்டைப் பார்த்தார். என் தலைக்கு மேலே பார்த்து, "வந்தவங்க உக்காரலாம்," என்றார். உட்கார்ந்தோம். கைபேசியை எடுத்து நான்காவது கடிதத்தைத் திறக்கும் முன், மகள் ஆரம்பித்துவிட்டாள்.

"பாட்டி, நீங்களும் மிக்ஸா?"

என் மடியில் இருந்த தட்டில் தேங்காய் உருண்டது.

"என்னது?"

"நான் மிக்ஸ். லிஃப்ட்ல எல்லா ஆன்டியும் சொல்றாங்க. நீங்களும் மிக்ஸா?"

"மிக்ஸாவது கிக்ஸாவது! நான் என்ன காப்பியாடி, கலக்கி வைக்க?"

"அப்போ சீனரா?"

"தமிழச்சிடி. முழுசா."

"ஆனா மூஞ்சி சீனர் மாதிரி இருக்கே?"

"இருந்துட்டுப் போகுது. மூஞ்சிய வச்சு என்ன பண்றது, சோறா ஆக்க முடியும்?"

மகள் இதை யோசித்தாள். அவள் என்னைப் போல. "அப்பாவுக்கும் இதே மூஞ்சிதான்."

"உங்கப்பன் சீனன்."

"அப்போ நான்?"

பெரியம்மா அவளுடைய முகவாயை நிமிர்த்திப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வரையில் பாதி என்று ஒன்று கிடையாது. எந்த வீட்டுச் சோற்றில் வளர்கிறதோ, பிள்ளை அந்த வீட்டு ஆள், முழுதாக. அவருக்கு நடந்தது அதுதான். ஆனால் என் மகள் வளரும் வீட்டில் சோற்றுப் பானைக்கு ஒரு பக்கம் ரசமும் இன்னொரு பக்கம் எலும்பு சூப்பும் கொதிக்கின்றன. மழலைப் பள்ளிப் படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தில் அப்பாவின் இனத்தை எழுதச் சொன்னார்கள் என்று 'சீனர்' என்று எழுதினேன். பேனா அந்தத் தாளை ஓட்டை போடும் அளவுக்கு அழுத்தி எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் பிள்ளை, "அம்மா, தோசை," என்கிறாள். நான் படித்த காலத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மூன்று இனமும் மூன்று மேசையில் சாப்பிட்டோம். ஒருவர் டப்பாவில் ஒருவர் கை வைப்போம், அதோடு சரி. இன்றைக்கு 'மிக்ஸ்' என்றால் லிஃப்டில் பாராட்டு. பெரியம்மாவுக்கு இது எதிலும் பிடி கிடைக்கவில்லை.

"நீ எங்கடி வளருறே?" என்று கடைசியில் கேட்டார்.

"பிரிக்ஃபீல்ட்ஸ்ல."

"அப்போ நீ பிரிக்ஃபீல்ட்ஸ்காரி. போய் முறுக்கு எடுத்துக்க."

மகள் திருப்தியாக எழுந்து போனாள். இதற்குமேல் தாமதிக்கக் கூடாது என்று நான் கைபேசியை எடுத்தேன். அது தன் பாட்டுக்கு ஏதோ அப்டேட் செய்துகொண்டிருந்தது. நான்கு கடிதமும் மனதில் ஒன்றாகக் குழம்ப, "பெரியம்மா, அன்னைக்கு நான் வேணும்னு செய்யல, அதாவது தெரியாம, தெரிஞ்சுதான், ஆனா, சூப்பு வந்துச்சு," என்றேன். மேற்கொண்டு வரவில்லை.

பெரியம்மா, முறுக்கோடு திரும்பி வந்த என் மகளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. மேசை மாறினது ஒரு விஷயமே இல்ல. தப்பு யாருக்கும் வரும். அந்த மலாய்க்காரப் பொண்ணு பாவம், கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. ஆனா உங்கம்மா மேடையில இருந்து பாத்தா. அவ பாத்ததை நான் பாத்தேன்."

"அம்மா," என்றாள் மகள், வாய் நிறைய முறுக்குடன். "நீங்க பாத்தீங்களாம்."

"பார்த்தேன்," என்றேன்.

"பாத்தாங்களாம் பாட்டி."

"பக்கத்துல ஒரு அம்மா ரெண்டு மணி நேரமா என்கிட்ட பேசிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அது என்னடான்னா, எனக்குக் காது மந்தம்னு நெனச்சு இன்னும் சத்தமா பேசுது. என் தட்டு நெறய மீனை வைக்குது. நல்ல பொம்பளதான். ஆனா அதுக்கு நான் யாருன்னு தெரியல. தெரிஞ்ச ஒருத்தி மேடையில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கா. கொஞ்ச நேரம் போனதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

இவ்வளவையும் மகளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. "மீன் வச்சாங்களாம்," என்று மட்டும் சொன்னாள்.

பெரியம்மா எழுந்து தட்டை வாங்கிச் சாமி மேடையில் வைத்தார். தட்டை வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "மாமன் வருவான். பிள்ளைக்குக் குறை வைக்கக் கூடாது. நான் வரல."

காது குத்துக்கு முந்தின வாரம் முழுவதும் நான் மகளைத் தயார் செய்தேன். பிள்ளைக்கு எதையும் மறைக்கக் கூடாது, நடக்கப் போவதைப் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளில் படித்திருந்தேன். காதின் படம் வரைந்து காட்டினேன். ஊசி, தோல், கிருமி, வீக்கம் எல்லாவற்றையும் விளக்கினேன். வேறொரு பிள்ளைக்குக் காது குத்தும் வீடியோவையும் போட்டுக் காட்டினேன். அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். என்ன முதிர்ச்சி என்று கணவரிடம் பெருமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளானில் கோயிலை ஒட்டிய சிறிய மண்டபம். முப்பது பேர்தான். மாமியார் வீடியோ பார்த்துத் தானே கட்டிய புடவையில் வந்தார். பதினோரு பின்கள் குத்தியிருந்ததால் அவரால் உட்கார மட்டும் முடியவில்லை. அண்ணன் சீர்த் தட்டுகளோடு தனியாக வந்தார். அவர் பின்னால் கதவு மூடும்வரை பார்த்தேன். வேறு யாரும் வரவில்லை.

அண்ணன் மடியில் மகள் உட்கார்ந்தாள். நகை வேலை செய்யும் பத்தர் முதல் காதைக் குத்தினார். அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகள் அண்ணனின் கையைக் கடித்தாள், குதித்தாள், ஓடினாள், சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"கிருமி!" என்று உள்ளே இருந்து கத்தினாள். "வீக்கம்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கணவர் மேசைக்கு அடியில் கைபேசியை நீட்டினார். அது திரும்பப் பறந்து வந்தது. மாமியார் குனிய முடியாமல் நின்றபடியே ஹொக்கியனில் கொஞ்சினார். நான் முட்டி போட்டு, தொற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று எடுத்துச் சொன்னேன். மேசை அடியில் இருந்து ஒரு செருப்பு வந்தது.

"இன்னொன்றை அடுத்த வாரம் குத்தினால் ஆகாதா?" என்று மாமியார் மலாயில் கேட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். ஒத்தைக் காதோடு பிள்ளையை எழுப்பவே கூடாதாம். பத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னும் நாலு காது இருக்கும்மா, ஷா ஆலம்ல. சீக்கிரம்."

அண்ணன் ஒரு மூலைக்குப் போய், கடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டே போன் பேசுவது கேட்டது. "அம்மா, பிள்ளை கடிச்சுட்டாம்மா. இல்ல, ஒரு காதுதான் ஆச்சு... வெளிய வர மாட்டேங்குறா... தங்கச்சியா? அது ஒரு வாரமா படம் போட்டுக் காட்டினது பத்தாதுன்னு, இங்கயும் கிருமியப் பத்தி வகுப்பு எடுத்துக்கிட்டு இருக்கு."

பத்து நிமிடத்தில் மண்டபத்தின் முன் ஒரு வாடகைக் கார் நின்றது. பெரியம்மா இறங்கினார். பூப்போட்ட நைட்டி, தோளில் ஒரு துண்டு, காலில் ரப்பர் சிலிப்பர், தலையில் சொட்டச் சொட்ட எண்ணெய். நேராக என்னிடம் வந்து நின்றார். மின்விசிறியைப் பார்க்கவில்லை. காலண்டரைத் தேடவில்லை.

"அறிவிருக்காடி உனக்கு?"

பத்தர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கிருமி, சீழு, ஊசின்னு யாராச்சும் படம் போட்டுக் காட்டுவாங்களா? குத்துறதுக்கு முந்தி வாயில ஒரு லட்டைத் திணிச்சா முடிஞ்சுது! எல்லாத்தையும் யோசிப்பே, யோசிப்பே, யோசிச்சுக்கிட்டே நிப்பே. ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டே. படிச்சிருக்கியாம் படிச்சு!"

அது லட்டைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆறு வருடத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள். என் கண் நிறைந்துவிட்டது. "அழாதேடி, நீயும் மேசைக்குள்ள போயிறப் போறே," என்றார்.

பிறகு மாமியாரைப் பார்த்துச் சந்தைக்கடை மலாயில், "நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்," என்றார். மாமியார் ஒரே ஒரு கணம் தன் புடவையைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்தார். நான்கு பின்கள் தெறிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் ஹொக்கியன் தாலாட்டு, மறு பக்கம் "வெளிய வந்தா லட்டு, வராட்டி அடி" என்று தமிழ். இருபுறமும் இழுபட்டு வெளியே வந்த என் மகளின் வாயில் யாரோ லட்டைத் திணித்தார்கள். அண்ணன் மடி. பெரியம்மா தலையைப் பிடிக்க, மாமியார் காலைப் பிடிக்க, பத்தர் இரண்டாவது காதைக் குத்தினார். லட்டை விழுங்கிய பிறகுதான் அவளுக்கு அழ நேரம் கிடைத்தது.

பத்தர் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே, தரையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். "ரெண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களாம்மா? அந்த அம்மா தமிழ் நல்லா பேசுறாங்களே."

இந்தத் தடவை நான் எதையும் சரிபார்க்கவில்லை. "இல்ல," என்றேன். "அவங்க பொண்ணு வீடு. என் பெரியம்மா. எங்கம்மா இல்லாததுக்கு அவங்கதான் என் அம்மா." தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சமையல் கட்டில் இருந்துகூட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பெரியம்மா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எதுக்குடி இப்படிக் கத்துறே, ஏலமா போடுறே?" என்றார். முகம் சிவந்திருந்தது. எழுந்து வந்து மகளின் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் காது ஓட்டை ஒரு நூல் மேல ஏறிப் போச்சு பாரு. எல்லாம் உன்னாலதான். வீட்டுக்குப் போனதும் தேங்கா எண்ணெய்ல மஞ்சளைக் குழைச்சு வை. தோட்டை முன்னேயும் பின்னேயும் திருப்பி விடணும். தலைக்கு ஊத்தறப்ப தண்ணி படக் கூடாது."

"எத்தனை நாளைக்கு பெரியம்மா?" என்று கேட்டேன்.

எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் கேட்டேன். அவர் என் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பாடு ஆறிப்போகும்வரை சொன்னார்.